கூறுக்கு ஏது சீட்டு?

தமிழ்நாட்டில் மாட்டை அறுக்க வேண்டுமென்றால் சீட்டு வேண்டும். மாடு தானாகச் செத்துப்போனால் சீட்டு வேண்டாம். இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறுபது எழுபது வருஷமாக நம்ம சேரிகளுக்கும் சட்டத்துக்கும் நடுவே நடக்கிற சங்கதியில் பெரும்பகுதி இதற்குள்ளேதான் கிடக்கிறது.

சீட்டு என்று நான் சொல்வது 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் கேட்கிற சான்றிதழை. சென்னை மாநிலச் சட்டமாக வந்தது. இப்போது தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் என்று பேர். காளை, எருது, பசு, கன்று, எருமை இதில் எதை அறுப்பதானாலும் உரிய அதிகாரியிடம் எழுத்தில் சான்று வாங்கணும். மாட்டுக்குப் பத்து வயசு தாண்டியிருக்கணும். அதோடு வேலைக்கும் இனவிருத்திக்கும் லாயக்கில்லாமல் போயிருக்கணும். இல்லையென்றால் அடிபட்டோ, ஊனப்பட்டோ, தீராத நோய் வந்தோ நிரந்தரமாக உதவாமல் ஆகியிருக்கணும். மீறினால் மூன்று வருஷம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

செத்த மாடு இந்தச் சட்டத்துக்குள் வராது. ஊரில் மாடு செத்தால் தூக்க ஆள் வரும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். யார் வருவான், எந்தத் தெருவிலிருந்து வருவான், எதற்காக வருவான் என்பதையெல்லாம் சாதி ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டது. திட்டம் போட்டு இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கேள்வியே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. தோன்றாமல் போனதைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

மாட்டுக்கறி பற்றி நம் பத்திரிகைகளில் நிறைய எழுதியாகிவிட்டது. அது பண்பாடா, எதிர்ப்பா, ருசியா என்றெல்லாம் பேசியிருக்கிறோம். ஆனால் உரிமத்தைப் பற்றி, லைசென்ஸ் பற்றி, யாரும் உட்கார்ந்து பேசினதாக எனக்கு ஞாபகம் இல்லை. அது கசாப்புக் கடைக்காரர் பிரச்சினை என்று விட்டுவிட்டோம். கடை வைத்து விற்காமல், தன் வீட்டு அடுப்புக்காக அறுக்கிறவனிடம் சட்டம் என்ன கேட்கிறது? அங்கேதான் நம்ம கதை வருகிறது.

பல தேசத்துச் சட்டங்களில் இதற்கென்றே ஒரு விலக்கு உண்டு. அமெரிக்காவில் 1906இல் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. விற்கிற கறிக்கு அரசாங்கப் பரிசோதகர் முத்திரை வேண்டும். ஆனால் ஒரு விவசாயி தன் பண்ணையில் வளர்த்த மாட்டைத் தன் வீட்டுக்காக அறுத்துக்கொண்டால் அந்தப் பரிசோதனை இல்லை. வீடு என்றால் யார் யார் என்றும் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்: சொந்தக்காரன், அவன் குடும்பத்தார், காசு கொடுக்காத விருந்தாளிகள், அவனிடம் வேலை செய்கிறவர்கள். வேலைக்காரனும் கணக்கில் வந்துவிட்டான் பாருங்கள். ஆனால் அவனும் முதலாளியின் மாட்டைத் தின்கிறவனாகத்தான் வருகிறான். மாடு ஒருத்தனுடையது, அவன் மனசு வைத்தால் மற்றவர்கள் சாப்பிடலாம். உலகத்தில் எங்கே பார்த்தாலும் 'வீட்டுத் தேவை' என்ற சொல்லுக்கு அடியில் இந்த எண்ணம் இருக்கிறது. முதலில் உனக்கு ஒரு மாடு இருக்கணும். அப்புறம்தான் உனக்கு விலக்கு.

நம்ம ஆட்களிடம் மாடு எங்கே இருந்தது? படியாளாக இருந்தவன் மேய்த்ததும் ஊர்க்காரன் மாடு, ஏர் பூட்டியதும் ஊர்க்காரன் மாடு. சேரிக்குள் கறி வந்த வழிகள் இரண்டு. ஒன்று, செத்த மாடு. இன்னொன்று, கூறு.

கூறு என்றால் என்னவென்று வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம், பழைய தென்னாற்காடு, இப்போதைய கடலூர் மாவட்டம். எட்டு வீடோ பன்னிரண்டு வீடோ சேர்ந்து ஒரு கிழட்டு எருதை விலை பேசுவார்கள். சந்தையில் அடிமாடாக வந்ததாக இருக்கும். இல்லை, உழுது ஓய்ந்துபோன ஊர் மாடாக இருக்கும். விடிவதற்கு முன்னால் முந்திரித் தோப்புக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். அறுக்கிறவர், உரிக்கிறவர், குடல் கழுவுகிறவர் என்று ஆளுக்கொரு வேலை. பிறகு தேக்கிலைகளைப் பரப்பிக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடைக்கறி கொஞ்சம், ஈரல் கொஞ்சம், கொழுப்பு, எலும்பு, குடல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விழும். தராசு கிடையாது. கண்ணும் கையும்தான் தராசு. கூறு சமமாக விழுந்திருக்கிறதா என்று சுற்றி நிற்கிற பெண்கள் பார்ப்பார்கள். "அந்தக் கூறுல எலும்புதான் கெடக்குது, இதுலேர்ந்து ரெண்டு துண்டு எடுத்து அதுல போடு" என்று அவர்கள் சொன்னால் போட்டே ஆகணும். அறுத்தவருக்குத் தலையோ காலோ தனியாகப் போகும். தோல் வியாபாரிக்குப் போய், அந்தக் காசு மாட்டு விலையில் கழியும். கையில் காசில்லாதவர்களுக்குக் கடன். அறுவடையில் நெல்லாகவோ, முந்திரிக்கொட்டை பொறுக்குகிற கூலியிலோ அடையும். புருஷன் செத்தவள் வீட்டுக்குக் காசில்லாமலே ஒரு கூறு போகும். மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போட்டால் உப்புக்கண்டம். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களுக்கு அதுதான்.

இதை விற்பனை என்று சொல்வதா, வீட்டுத் தேவை என்று சொல்வதா? கூறு போட்டவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். சட்டத்தைக் கேட்டால் அது தெளிவாகப் பதில் சொல்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விற்பனை என்பதற்கு வரையறை இருக்கிறது: ரொக்கத்துக்குக் கொடுத்தாலும் விற்பனை, கடனுக்குக் கொடுத்தாலும் விற்பனை, பண்டமாற்றாகக் கொடுத்தாலும் விற்பனை. உணவுத் தொழில் என்பதற்கும் வரையறை இருக்கிறது: லாபத்துக்கு நடந்தாலும் லாபமில்லாமல் நடந்தாலும் அது உணவுத் தொழில்தான். 2011இல் வந்த உரிம விதிகளின்படி ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கால்நடை, அல்லது பத்துச் சின்னக் கால்நடை, அல்லது ஐம்பது கோழி வரைக்கும் அறுக்கிறவர் சின்ன வியாபாரியாகப் பதிவு செய்துகொண்டால் போதும். அதற்கு மேல் போனால் உரிமம். பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு நூறு ரூபாய். நூறு ரூபாய் பெரிசில்லை. ஆனால் யார் பதிவு செய்வது? வருஷத்தில் நாலு தடவை தோப்பில் கூடுகிற பன்னிரண்டு வீட்டில் யார் வியாபாரி?

இதை நான் கற்பனையாகக் கேட்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் எட்டுக் குடும்பம் சேர்ந்து ஒரு எருது வாங்கி ஓட்டி வந்தார்கள். வழியில் நிறுத்தினார்கள். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். "சீட்டு எங்கே, மாடு யாருது?" என்று கேள்வி. "எங்க எட்டு பேருதுங்க." "எட்டு பேருக்கு எப்படிய்யா ஒரு மாடு? ஒரு பேரு சொல்லு." கடைசியில் சித்தப்பா ஒருத்தர் தன் பேரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் அவர் மாட்டு வியாபாரி ஆகிவிட்டார். வாழ்நாளில் அவர் விற்ற ஒரே பொருள் தன் உழைப்பு.

குர்பானியை நினைத்துப் பாருங்கள். ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம் என்பது இஸ்லாமியர் வழக்கம். அதுவும் கூறுதான், அதற்குப் பின்னால் மார்க்கம் நிற்கிறது. 1960ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தில்கூட, ஒரு சமூகத்தின் மதம் கேட்கிற முறையில் விலங்கைக் கொல்வது இந்தச் சட்டத்தில் குற்றமாகாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. மதத்துக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவையும் பாதி சாத்தினார்கள் என்பது வேறு விஷயம்; பக்ரீத்துக்குப் பசுவைத்தான் அறுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 1958இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்ம கூறுக்குப் பின்னால் மதம் இல்லை. பசி இருக்கிறது, பங்காளிகள் இருக்கிறார்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அந்தப் பத்து வயசுக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் விளங்கும். பக்தியிலிருந்து அது வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குக் கறி போடுவதற்காக மாடுகள் கணக்கில்லாமல் அறுபட்டன. உழவு கெட்டுப்போகும் என்று பயந்த வெள்ளைக்காரன் அரசாங்கம் 1944இல் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. மூன்று வயசுக்குக் குறைந்த மாடு, மூன்றிலிருந்து பத்து வயசுக்குள் வேலைக்கு ஆகிற எருது, அதே வயசுக்குள் கறவைக்கு ஆகிற பசு, சினைமாடு இவற்றை அறுக்கக் கூடாது. உழைக்கிற வயசில் கொல்லாதே, உழைத்து முடித்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பசுப் பாதுகாப்பு விவாதத்துக்கு வந்தபோதும் இதே பொருளாதார மொழியில்தான் அதை உள்ளே கொண்டுவந்தார்கள். அரசியல் சட்டத்தின் 48ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். விஞ்ஞான முறையில் வேளாண்மை, கால்நடை வளர்ப்பு என்று ஆரம்பித்து, அதன் வாலில் பசுவும் கன்றும் கட்டியிருக்கும். பக்தியைப் பொருளாதாரமாக வேஷம் கட்டி அனுப்பினார்கள்.

1950 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. முழுத்தடை வேண்டாம் என்று சொன்ன கடிதம். காரணம் என்ன தெரியுமா? செத்த மாட்டுத் தோலைவிட அறுத்த மாட்டுத் தோல் உசத்தி, நல்ல விலை போகும். தடை போட்டால் தோல் ஏற்றுமதி படுத்துவிடும். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் என்று தோல் பதனிடும் தொழில் வேரூன்றிய நம்ம மாநிலத்துக்கு அந்தக் கடிதம் பொருத்தமாக இருந்திருக்கும். தோலுக்கு யோசித்தார்கள், உழவுக்கு யோசித்தார்கள். தோலை உரித்தபின் மிஞ்சுவதைத் தின்று உயிர் வாழ்கிறவனைப் பற்றி அந்தக் காரணத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஏழைகளுக்கு எப்போதாவது எட்டுகிற ஒரு துண்டு மாட்டுக்கறியும் போனால் சத்துக்குறைவு வரும் என்பதைச் சொன்னது 1958 ஏப்ரலில் பீகார் குறைஷிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம். அதையும் சொல்லிவிட்டு, பசுவுக்கும் கன்றுக்கும் முழுத்தடை செல்லும் என்றே அந்தத் தீர்ப்பு முடிந்தது. உழைத்து ஓய்ந்த எருதுக்கும் எருமைக்கும் மட்டும் வழி விட்டது. 2005இல் குஜராத் வழக்கில் அந்த வழியையும் அடைக்கலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. எருதின் சாணமும் மூத்திரமும் கடைசிவரை பயன்படும், ஆகவே பயனற்ற எருது என்று ஒன்று இல்லை என்பது வாதம்.

தமிழ்நாட்டில் பசுவுக்கான தடை எப்படி வந்தது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். 1976 ஆகஸ்டில் ஒரு அரசாணை. பசுவையும் கிடேரியையும் அறுப்புக்கூடங்களில் அறுக்கக் கூடாது. அப்போது நெருக்கடி நிலை. ஜனவரியில் ஆட்சியைக் கலைத்துவிட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. சட்டமன்றமே இல்லாத நேரத்தில் வந்த ஆணை அது. பகுத்தறிவு பேசிய மாநிலத்தில் அதற்குப் பிறகு வந்த எந்த ஆட்சியும் அதை ஒரு பிரச்சினையாக எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாக ஆட்டையும் கோழியையும் பாருங்கள். 1950இலேயே விலங்குகள், பறவைகள் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னையில் வந்தது. கோயிலிலும் கோயில் சுற்றிலும் ஊர்வலத்திலும் பலி கூடாது. ஐம்பது வருஷம் அது புத்தகத்தில் தூங்கியது. முனியப்பனுக்கும் அய்யனாருக்கும் கிடா விழுந்துகொண்டேதான் இருந்தது. 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதைத் தட்டி எழுப்பியது. கிராமம் கிராமமாக எதிர்ப்பு. ஆதிக்க சாதிக்காரர்களின் குலதெய்வங்களும் அதில் மாட்டிக்கொண்டன. 2004இல், தேர்தல் வருஷத்தில், சட்டமே ரத்தாகிவிட்டது. கிடா வெட்டு மொத்த ஊருக்கும் உரியது என்பதால் ஐந்தாறு மாசத்தில் ஒரு சட்டத்தை எடுக்க வைக்க முடிந்தது. மாட்டுக்கூறு சேரிக்கு மட்டும் உரியது. 1958 சட்டம் அப்படியே நிற்கிறது. கலாச்சாரம் என்ற சொல்லுக்கு எத்தனை ஓட்டு என்பதை இதை வைத்துக் கணக்குப் போடலாம்.

1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில்கூட, நகரத்துக்குள் அறுப்புக்கூடத்துக்கு வெளியே அறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, திருவிழாவுக்கும் சடங்குக்கும் வேறு இடத்தில் அறுக்க அதிகாரி அனுமதிக்கலாம் என்று ஒரு சலுகை வைத்திருந்தார்கள். திருவிழா, சடங்கு. வாரக்கூலி வாங்கின ஞாயிற்றுக்கிழமை என்பது எந்தச் சட்டத்திலும் சடங்காகாது.

நான் பிறந்து வளர்ந்த நெய்வேலியில் இந்தச் சங்கதி இன்னொரு முகம் காட்டியது. 1935இல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்கும் கதை, எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் மனப்பாடம். 1956 நவம்பரில் கம்பெனி, 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது, 1961இல் நிலக்கரி தெரிந்தது, 1962இல் மின்சாரம். நிலத்துக்காரர் ஒருத்தர் கிணற்றில் கதை தொடங்குவதைக் கவனியுங்கள். அந்தக் கிணற்றில் மண் அள்ளியது யார் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

நிலம் எடுத்தது 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் காலம். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவனுக்கு இழப்பீடு. வீடு, கிணறு, மரம், எல்லாவற்றுக்கும் விலை உண்டு. தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்குகிற வேலை, புறம்போக்கில் ஆடு மேய்க்கிற வழக்கம், ஏரிக்கரையில் கூறு போடுகிற இடம் இதற்கெல்லாம் பட்டா ஏது? எங்க ஆயா சொல்வார்: "ஊரு கலைஞ்சப்ப ஆளுக்கு ஒரு பக்கம் போனோம். மரம் வச்சவனுக்கு மரத்துக்குக் காசு குடுத்தாங்க. கூறு போடற எடம் போச்சி, கூடப் பங்கு போடறவங்களும் போயிட்டாங்க. அத யாருகிட்ட போயிக் கேக்கறது?"

ஆயா சொன்னதில் இரண்டாவது பாதிதான் பெரிய இழப்பு என்று எனக்குப் படுகிறது. கூறுக்கு இடம் மட்டும் போதாது. கடன் நம்பிக் கொடுக்கிற பன்னிரண்டு வீடு வேணும். பக்கத்துப் பக்கத்தில் இருந்த வீடுகள் சிதறினால் கூறு தானாகச் செத்துவிடும். அப்புறம் கடையில் கிலோ கணக்கில்தான் வாங்கணும். கிலோவுக்குக் கையில் காசு வேணும்.

சுரங்கத்துக்குப் பக்கத்தில் எழுந்த டவுன்ஷிப் அழகானது. நேர்நேரான ரோடு, முப்பது பிளாக், குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மாவும் பலாவும். தேர்ந்தெடுத்த நகர்மன்றம் கிடையாது. நகர நிர்வாகம் கம்பெனியின் கையில். அந்தக் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் யாரும் மாடு அறுக்கப்போவதில்லை, அறுக்கணும் என்று நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வழக்கம், ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சைக்கிளில் டவுன்ஷிப்பை விட்டு வெளியே போய், கறியைக் கறுப்புப் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, மேலே கீரைக்கட்டு வைத்து எடுத்து வருவது. குலதெய்வத்துக்கு நேர்ந்த கிடாயை வெட்டிவிட்டு வந்தவர்கள் தெரு முழுக்கச் சொல்லி விருந்து வைப்பார்கள். யாரும் அவர்களிடம் சீட்டு கேட்டதில்லை. சட்டம் எழுதாத சீட்டு ஒன்றும் இருக்கிறது. அதை அக்கம்பக்கம் கேட்கும். கீரைக்கட்டு அதற்காகத்தான்.

இங்கே நம்ம முன்னோர்களோடும் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. செத்த மாட்டைத் தொடாதே என்பது நம்ம விடுதலை இயக்கத்தின் முதல் பாடங்களில் ஒன்று. 1907இல் 'தமிழன்' தொடங்கிய அயோத்திதாச பண்டிதர் கொல்லாமையைப் பௌத்த அறமாக வலியுறுத்தினார். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டுக்கறியை விடச் சொன்னார். எங்கள் மாவட்டத்துக்காரர், காட்டுமன்னார்கோயில் பக்கத்து எல். இளையபெருமாள், பறையடிக்க மாட்டோம், செத்தமாடு தூக்க மாட்டோம் என்ற போராட்டங்களில் முன்னால் நின்றவர். பின்னால் தீண்டாமை பற்றி மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராகி 1969இல் அறிக்கை கொடுத்தவரும் அவர்தான். அவர்கள் சொன்னதில் ஒரு எழுத்தையும் நான் மாற்றச் சொல்லவில்லை. தூக்க மாட்டோம் என்று சொன்னதற்காக வெட்டுப்பட்டவர்கள், ஊர்விலக்கம் பட்டவர்கள் நம்ம ஆட்கள். ஆனால் அதோடு சேர்த்துக் கேட்டிருக்க வேண்டிய இன்னொன்று விட்டுப்போயிற்று. செத்ததைத் தொட மாட்டேன் என்றால், உயிருள்ளதை வாங்கி, நோயில்லை என்று டாக்டர் பார்த்து, சுத்தமான இடத்தில் அறுத்துப் பங்கு போட்டுக்கொள்ள எனக்கு வழி வேணும். செத்தது இழிவு என்று நாம் விட்டோம். உயிருள்ளதற்குச் சட்டம் சீட்டு கேட்டது. இரண்டுக்கும் நடுவில் சேரித் தட்டு காலியாயிற்று.

சங்கப் பாட்டுப் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஆநிரை கவர்ந்த மறவர்கள் வேப்பமரத்துத் தெய்வத்துக்குக் கொழுத்த ஆவை வெட்டிப் படைத்துப் பாறையில் வைத்துத் தின்ற செய்தி அகநானூற்றுப் பாலைப் பாட்டில் இருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் எங்கள் வாத்தியார் அந்த வரியை ரயில் ஸ்டேஷன் தாண்டுகிற மாதிரி தாண்டினார். யாரும் கை தூக்கவில்லை. நானும்தான்.

வடக்கே போனால் செத்த மாடும் கொலைக்காரணம் ஆகிவிட்டது. 2002 அக்டோபரில் அரியானா துலினாவில் மாட்டைக் கொன்றார்கள் என்று வதந்தி கிளப்பி, காவல் சாவடிக்குப் பக்கத்திலேயே ஐந்து தலித்துகளை அடித்துக் கொன்றார்கள். தோல் தொழிலுக்காகப் போனவர்கள் அவர்கள். 2016 ஜூலையில் குஜராத் ஊனாவில் செத்த மாட்டை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாகச் சுரேந்திரநகரில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் செத்த மாடுகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள் தலித்துகள். சீட்டு இருந்தாலும் அங்கே உயிர் தப்பியிருக்காது என்பதும் நமக்குத் தெரியும்.

2017 மே மாசம் மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளைக் கொண்டுவந்தது. சந்தையில் மாடு வாங்குகிறவன், அறுக்க மாட்டேன் என்று எழுதித் தரணும். தான் விவசாயி என்று ஆவணம் காட்டணும். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்றவர்கள். விவசாயி என்று காட்ட ஒரு காகிதம் கேட்டால் எதைக் காட்டுவார்கள், காலையா? உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017 மே 30 அன்று அந்த விதிகளுக்குத் தடை போட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டித்தது. நல்லது. வழக்குப் போட்டவர்களுக்கு வணக்கம்.

2016 மே மாசம் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதையும் பலர் கொண்டாடினோம். மகாராஷ்டிரத்தில் தடை இருந்தாலும், வெளி மாநிலத்திலிருந்து வந்த மாட்டுக்கறியை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. வீட்டுக்குள் ஒருவன் என்ன சாப்பிடுகிறான் என்பது அவன் அந்தரங்கம் என்றது அந்தத் தீர்ப்பு. சட்டப் போராட்டத்தில் அது ஒரு படி. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிற உரிமை அது. எங்க அப்பாவின் கீரைக்கட்டுக்கு நீதிமன்ற அங்கீகாரம் கிடைத்த மாதிரி. கூறு தோப்பில், பொது வெளியில், ஊர் பார்க்க நடக்கிற காரியம். அதற்கு அந்தரங்க உரிமை உதவாது.

2013இல் புது நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. அதில் பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்குள் நிலமில்லாத விவசாயக் கூலிகளும் குத்தகைதாரர்களும் வந்தார்கள். நூற்றியிருபது வருஷம் கழித்து, பட்டா இல்லாதவனுக்கும் அந்த மண்ணில் ஒரு பாத்தியம் இருந்தது என்று சட்டம் ஒத்துக்கொண்டது. நடைமுறையில் எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு சண்டை; நெய்வேலியைச் சுற்றி அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் சொந்தக்காரன் இல்லாதவனையும் பார்க்கச் சட்டத்துக்குக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

அறுப்புச் சட்டத்துக்கு அதை யாரும் இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை. 2001ஆம் ஆண்டு அறுப்புக்கூட விதிகள் நகராட்சி எல்லைக்குள் அங்கீகாரமில்லாத இடத்தில் எந்த விலங்கையும் அறுக்கக் கூடாது என்கின்றன. கர்ப்பமான விலங்கை அறுக்காதே, மூன்று மாசத்துக்குக் குறைந்த குட்டியை அறுக்காதே, டாக்டர் சான்று வாங்கு என்கின்றன. இதில் எதற்கும் நாம் எதிரியில்லை. நோய் மாட்டைத் தின்று செத்தவர்களில் நம்ம பிள்ளைகள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். டாக்டர் வரட்டும். ஊராட்சிக்கு ஒரு சிமெண்டுத் தளம், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழி கட்டட்டும். அதைச் சேரிக்குள் தள்ளாமல் பொது இடத்தில் கட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்நடை மருத்துவர் அங்கே இருக்கட்டும். சான்று எழுதும்போது சொந்தக்காரர் என்ற இடத்தில் எட்டுப் பேரோ பன்னிரண்டு பேரோ எழுத வசதி இருக்கட்டும். அவர்களை வியாபாரி என்று எழுதாமல் கூறுக்காரர் என்று எழுதட்டும்.

இதை ஆயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தச் சீட்டுல பொம்பளைங்க பேரையும் போடச் சொல்லு. கூறு சரியா விழுந்துச்சான்னு பாக்கறவங்க நாங்கதான்" என்றார்.